பக்கத்து பெஞ்சுக்கும் புரிகிற மொழி

தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி ஆணையருக்கு ஏனாத்தூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

பாலிடெக்னிக் லேப்களில் சோல்டரிங் புகையைச் சுவாசித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏனாத்தூரில் என் வீட்டு மாடியில் இரண்டு பழைய கணினிகளையும் ஒரு சோல்டரிங் ஸ்டேஷனையும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற பிள்ளைகளுக்கு சர்க்யூட் போர்டு வரையக் கற்றுத் தருகிறேன். கட்டணம் கிடையாது. செருப்பை மட்டும் வரிசையாக விட வேண்டும்.

எல் ஸ்கீம், எம் ஸ்கீம், என் ஸ்கீம் என்று டிப்ளமோ பாடத்திட்டம் எழுத்து எழுத்தாக மாறியதைப் பார்த்தவன். 2023-இல் வந்த திருத்தத்தின்போது வெளியாளாகி நின்றேன். அடுத்த திருத்தம் என்றைக்காவது உங்கள் மேசைக்கு வரும். அதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லி வைக்கலாம் என்றுதான் இந்த மடல். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும்: போர்டு வரையும் செய்முறைப் பாடத்தில் திறந்த மூல மென்பொருளை வைத்தால், அந்த மென்பொருளை ஏவி வேலை வாங்குவதற்கு எந்த ஸ்கிரிப்ட் மொழியைப் பாடமாக எழுதுவீர்கள்?

மவுஸ் இருக்கும்போது மொழி எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். என்னிடம் வருகிற ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பட்டு நெசவுக் குடும்பம். டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில் தன் வீட்டு வாசலில் மாட்ட, விநாடிக்கு ஒரு விளக்கு எரிகிற வட்டக் கடிகாரம் செய்ய வேண்டும் என்று வந்தான். 60 எல்இடி. ஒவ்வொன்றையும் 6 டிகிரி தள்ளி வட்டத்தில் வைக்க வேண்டும், வைத்த பிறகு அதனதன் கோணத்துக்குத் திருப்பவும் வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்தான். 23-ஆவது எல்இடி வரும்போது வட்டம் கோழிமுட்டையாகியிருந்தது.

ஸ்கிரிப்ட்டாக எழுதினால் இது பத்து வரி. சைனும் கொசைனும் பத்தாம் வகுப்பிலேயே படித்தவைதான். எழுதினான், ஓட்டினான், 60 எல்இடியும் ஒரே நொடியில் வட்டத்தில் போய் உட்கார்ந்தன. ஆனால் சாய்வு மட்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் தப்பு. நாங்கள் போர்டு வரையும் கீகேட் என்ற திறந்த மூல மென்பொருளில் செங்குத்து அச்சு கீழ்நோக்கி வளரும். அதனால் வட்டத்தில் நாம் கடிகாரத் திசையில் நகர்வோம். காம்போனன்ட்டைத் திருப்புகிற கோணமோ எதிர்த் திசையில் கூடும். ஒரு கழித்தல் குறி போட வேண்டியிருந்தது. அந்தக் கழித்தல் குறியை அவன் கண்டுபிடித்தபோது வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி என்னவோ ஏதோவென்று மாடிக்கு ஓடிவரும் அளவுக்குக் கத்தினான். நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படி ஒரு சத்தத்தை ஆய அச்சுப் பாடத்தில் கேட்டதே இல்லை.

ஆக, ஸ்கிரிப்ட் வேண்டுமா என்பது கேள்வி இல்லை. எந்த மொழி என்பதுதான். இது நமக்கு முன்பே பலர் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. மின்னணு வடிவமைப்பு மென்பொருள்தான் ஸ்கிரிப்ட் மொழிகளின் பிறப்பிடங்களில் ஒன்று என்பது கணினித் துறைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவர் மாணவர்களும் சிப் வரைவதற்கான மென்பொருள்களை எழுதினார்கள். மேஜிக் அவற்றில் பெயர் பெற்றது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஆணையிட ஒரு மொழி வேண்டும். மாணவர்களுக்கு ஆர்வமெல்லாம் சிப் வரைவதில். மொழியைக் கடைசி நேரத்தில் அவசரமாகத் தைத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றும் அரைகுறை, ஒன்றுக்கொன்று ஒட்டவும் ஒட்டாது. எந்த மென்பொருளுக்குள்ளும் பொருத்திக்கொள்ளக்கூடிய ஒரே மொழியைச் செய்தால் என்ன என்று 1987-இல் அவருக்குத் தோன்றியது. 1988-இல் எழுதத் தொடங்கினார். அதுதான் டிசிஎல், பேச்சில் டிக்கிள். இன்று உலகத்தில் சிப் வடிவமைக்கிற பெரிய கம்பெனி மென்பொருள்கள் பலவற்றின் ஆணை மொழி அதுதான். வேடிக்கை என்னவென்றால், மேஜிக் மென்பொருளுக்குள் டிக்கிள் வந்து சேரப் பல வருடங்கள் ஆயின. அதையும் டிம் எட்வர்ட்ஸ் என்ற வேறொருவர்தான் செய்தார்.

1994 செப்டம்பரில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், டிக்கிளைப் பயன்படுத்தாதீர்கள் என்று பகிரங்கமாக எழுதினார். அது பெரிய நிரல்கள் எழுதத் தகுந்த முழுமையான மொழி அல்ல என்பது அவர் வாதம். பெரிய சண்டை. அந்தச் சண்டையின் விளைவுகளில் ஒன்று, லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழியை அடிப்படையாகக் கொண்ட கைல். 1998-இல் ஏலெஷ் ஹ்வெஸ்டா தொடங்கிய ஜிஈடிஏ என்ற திறந்த மூல மின்னணு மென்பொருள் தொகுப்பு இந்தக் கைலையே எடுத்துக்கொண்டது. வரைபடத்திலிருந்து நெட்லிஸ்ட்டை, அதாவது இணைப்புப் பட்டியலை, விதவிதமான வடிவங்களில் எழுதித் தருகிற பகுதிகளெல்லாம் ஸ்கீமில் எழுதப்பட்டவை.

ஸ்கீம் அழகான மொழி. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் ஏக்கம் வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பாலிடெக்னிக்கில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) கேட்பாரற்றுக் கிடந்த கணினிகளில் லினக்ஸ் போட்டு ஜிஈடிஏ ஓட்டினேன். வாங்க வேண்டிய காம்போனன்ட் பட்டியலில் சென்னை ரிட்சி தெருக் கடைகளின் விலைக்கென்று ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று மாலைகள் உட்கார்ந்தேன். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொன்று. கடைசியில் பட்டியல் விலையோடு வந்தது. பெருமையாகச் சுவரில் ஒட்டினேன். அடுத்த வருடம் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு தேர்வு மேற்பார்வைக்காக அங்கே போனபோது பார்த்தேன்: கோப்பு அதே தேதியோடு அப்படியே இருந்தது, விலைகளும் நான் போட்ட அதே பழைய விலைகள். பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு அங்கிருந்த இளம் விரிவுரையாளர் சங்கடத்தோடு சொன்னார்: "சார், அதைத் தொட்டா உடைஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு."

குற்றம் அவர் மேல் இல்லை. ஸ்கீம் மேலும் இல்லை. அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் போய்விட்டேன். பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் மொழியைப் பற்றிப் பேசும்போது வேகம், சக்தி, தொழில்துறைத் தேவை என்றெல்லாம் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். எழுதியவன் போன பிறகு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரால் அதைப் படித்துத் திருத்த முடியுமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இப்போது எனக்கு அந்த ஒரு கேள்வி போதும் என்று படுகிறது.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடை ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலை எடுத்துப் பாருங்கள். பைத்தானைத் தமிழ் வழியிலேயே சொல்லித் தருகிறது. மாறி, பட்டியல், செயற்கூறு என்று படித்து வந்த பிள்ளை, பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் உங்கள் பாலிடெக்னிக்கில் சேர்கிறது. அதே நூலின் கடைசிப் பகுதியில் சி++ நிரலைப் பைத்தானோடு இணைப்பது பற்றி ஒரு பாடம் உண்டு. இணைக்கும் வழிகளில் ஒன்றாக ஸ்விக் என்ற பெயர் அங்கே போகிற போக்கில் வரும். சி++-இல் எழுதப்பட்ட கீகேட்டைப் பைத்தானால் தொடுவதற்குப் பல வருடங்களாக இருந்த பாலம் அதே ஸ்விக்தான். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக வருவது பாலிடெக்னிக் லேபில் கண்முன்னே வேலை செய்வதைக் காட்டலாம். இப்படி ஒரு தொடர்ச்சி நம் கல்வியில் தானாக அமைவது அபூர்வம், விட்டுவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்து வருகிறவர்களுக்கு இது இல்லையே என்றால், இல்லைதான். அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரப்போவது பிளஸ் டூ முடித்த பிள்ளை. அதைத்தான் பக்கத்து பெஞ்சு என்கிறேன். ஊருக்குள்ளும் துணை உண்டு: காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, 2012 முதல் திறந்த மூல மென்பொருள்களைத் தமிழில் எழுதிவரும் கணியம் இதழ் இருக்கிறது. டிக்கிளில் சந்தேகம் வந்தால் இந்தப் பிள்ளைகள் தமிழில் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

தமிழிலேயே ஒரு நிரல்மொழி வைக்கலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. முத்து அண்ணாமலையின் 'எழில்' அப்படிப்பட்டது, அதுவும் பைத்தான் மேல் கட்டியதே. முதல் வாரத்துக்கு அது நல்லது. போர்டு வேலைக்கு வரும்போது, பைத்தானிலேயே மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். அந்தப் பையன் வட்டத்தின் ஆரத்துக்கு 'ஆரம்' என்றே பெயர் வைத்திருந்தான். கீகேட் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

நம் நாட்டில் இந்தத் தேர்வை முன்பே செய்துவிட்டவர்கள் உண்டு. ஐ.ஐ.டி. பம்பாயின் ஃபாஸி குழு, மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியோடு, வரைபடத்துக்குக் கீகேட், கணித்துப் பார்ப்பதற்கு என்ஜிஸ்பைஸ் என்று தனித்தனியாக இருந்த திறந்த மூல மென்பொருள்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. முதலில் ஆஸ்கேட் என்று பெயர், இப்போது ஈசிம். ஒட்டுவதற்கு அவர்கள் எடுத்த பசை பைத்தான். என்ஜிஸ்பைஸுக்குப் பெர்க்லி காலத்திலிருந்து வரும் சொந்த ஆணை மொழி உண்டு. கீகேட்டின் உடம்பு சி++. இரண்டுக்கும் நடுவில் ஓடியாடி வேலை செய்ய மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டபோது, கல்லூரிப் பிள்ளைகள் வந்து திறந்து பார்க்கக்கூடிய மொழியாக எடுத்தார்கள். அவர்கள் என்ன யோசித்து எடுத்தார்களோ எனக்குத் தெரியாது, எனக்கு அதில் தெரிகிற நியாயம் இது.

இதோடு நிறுத்தினால் நான் பைத்தானுக்கு விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். அந்தப் பையனின் கதையில் இரண்டாம் பாகம் இருக்கிறது.

2022-இல் கீகேட் 6-இல் எழுதிய ஸ்கிரிப்ட் அது. 2023-இல் கீகேட் 7 வந்தது, ஆசையாக ஏற்றினோம். அடுத்த வருடக் கருட சேவைக்குப் பெரிய கடிகாரம் செய்யலாம் என்று ஆரத்தை மட்டும் மாற்றி ஓட்டினான். சிவப்பு எழுத்தில் பிழை கொட்டியது. பழைய பதிப்பில் கோணத்தை டிகிரியில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்க வேண்டும், 90 டிகிரி என்றால் 900. புதியதில் கோணத்துக்கென்றே தனி வகை வந்துவிட்டது. புள்ளியைக் குறிக்கும் பொருளின் பெயரும் மாறியிருந்தது. பைத்தான் அப்படியேதான் இருந்தது. கீகேட்டுக்குள் போகிற கதவைத்தான் இடம் மாற்றி வைத்திருந்தார்கள்.

2025 பிப்ரவரியில் வந்த கீகேட் 9 இன்னும் ஒரு படி போனது. ஸ்விக் பாலம் விடைபெறப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஓடிக்கொண்டிருக்கும் கீகேட்டுக்கு வெளியிலிருந்து செய்தி அனுப்பி வேலை வாங்கும் வழி. செய்தியின் வடிவம் வரையறுக்கப்பட்டது. அனுப்புகிறவர் எந்த மொழியில் பேசுகிறார் என்பது கீகேட்டுக்குக் கவலை இல்லை. பைத்தானுக்கு அவர்களே ஒரு நூலகம் தருகிறார்கள். அந்தப் பதிப்பில் போர்டு வரையும் பகுதிக்கு மட்டும்தான் இந்த வழி வந்தது. இருந்தாலும் திசை தெளிவு. மென்பொருளின் வயிற்றுக்குள் மொழியைத் திணித்தால், வயிறு புரளும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் உடையும். 1988-இல் ஆஸ்டர்ஹவுட் உள்ளே பொருத்தும் மொழியைத் தேடினார். கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, வெளியே நிறுத்திப் பேசுவதே நல்லது என்று கீகேட்காரர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிசிபி-ஆர்என்டி என்ற இன்னொரு மென்பொருளில் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். தாராள மனசுதான். வகுப்பறைக்கு அது உதவாது. முப்பது பேர் பத்து மொழியில் எழுதினால் யார் ஸ்கிரிப்ட்டை யார் திருத்துவது?

ஸ்கிரிப்ட் உடைந்த அன்று பையன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கூட்டிப் போக வந்த அப்பா விஷயத்தைக் கேட்டார். ஜக்கார்டு தறியையும் கணினியையும் முடிச்சுப் போடுகிற பேச்சு எங்கள் ஊர்க் கல்லூரி விழாக்கள் எதிலும் தப்பாது, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது வேறு. ஒரு தறிக்கு அடித்த அட்டை, ஊசி எண்ணிக்கை வேறான தறியில் ஏறாது. 120 ஊசிக்கு அடித்ததை 240-க்குப் போட முடியாது. அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அட்டை போனா போகுது சார். கிராஃப் பத்திரமா இருந்தா வேற அட்டை அடிச்சுக்கலாம்" என்றார்.

கிராஃப் என்றால் கட்டத்தாளில் வரைந்த டிசைன். பையனின் ஸ்கிரிப்ட்டில் கிராஃபும் அட்டையும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வட்டத்தைக் கணக்கிடும் வரியிலேயே கீகேட்டைக் கூப்பிடும் வரியும் இருந்தது. இரண்டையும் பிரித்தோம். மேலே ஏழு வரி வெறும் கணக்கு: எந்த எல்இடி, எந்த இடம், எந்தக் கோணம். கீழே நான்கு வரி அதைக் கீகேட்டிடம் சொல்வது. புதிய பதிப்புக்கு மாற்றியது அந்த நான்கு வரியை மட்டும்தான். 9 வந்தபோதும் மேலே உள்ள ஏழு வரியைத் தொடவில்லை.

ஆகவே ஐயா, பாடத்திட்டத்தில் 'பைத்தான்' என்று எழுதினால் மட்டும் போதாது. கணக்கு வேறு, கதவு வேறு என்று பிரித்து எழுதக் கற்றுத் தர வேண்டும் என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பாடத்திட்டத்தில் அச்சடிக்காதீர்கள். பாடத்திட்டம் சில வருடம் நிற்கும், கீகேட்டோ இப்போது வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது.

செய்முறைத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தேர்வில் கேட்பதைத்தான் படிப்பார்கள், ஆசிரியர்கள் தேர்வில் வருவதைத்தான் நடத்துவார்கள். இந்த முப்பது வருடப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. 'ஃபார் லூப்பின் இலக்கணம் எழுதுக' என்று கேட்டுவிட்டால் எல்லாம் அன்றோடு முடிந்தது. பதிலாக, முந்தைய வருடத்து மாணவர் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட்டைக் கொடுங்கள். 60 எல்இடியை 48 ஆக்கு, வட்டத்தை அரைவட்டமாக்கு, காம்போனன்ட் பட்டியலில் ஒரு பத்தி கூட்டு என்று கேளுங்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துத் திருத்துவதற்கு மதிப்பெண். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வேலைக்குச் சேர்கிற அன்றைக்கு இவர்கள் கையில் கொடுக்கப்படுவது யாரோ எழுதிவிட்டுப் போன ஒன்றுதான், வெள்ளைத் தாள் அல்ல. ஏனாத்தூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போகும். அவற்றில் என் பழைய மாணவர்கள் தூங்கிக்கொண்டே போவதைப் பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் லைனில் நிற்கிறார்கள். போர்டு வரைகிற அறைக்குள் போனவர்கள் சிலர்தான்.

சிப் துறைக்காரர்கள் உங்களிடம் டிக்கிள் வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சிப்பின் நேரக் கட்டுப்பாடுகளை எழுதும் முறையே டிக்கிளை ஒட்டியது. ஓப்பன்ரோடு போன்ற திறந்த மூல சிப் மென்பொருள்கூட டிக்கிளையும் பைத்தானையும் இரண்டையும் ஏற்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டம் 85,000 பொறியாளர்களைத் தயார் செய்வோம் என்றது. அது பி.இ., எம்.இ., ஆய்வுப் படிப்பு என்று மேலே இருப்பவர்களுக்கான கதவு. டிப்ளமோ பிள்ளைக்கு முதல் கதவு போர்டு. டிக்கிளுக்கு இரண்டு செய்முறை வகுப்பு ஒதுக்குங்கள், பயம் தெளியட்டும். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறேன். நான் பார்த்த லேப்கள் சிலவற்றில் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் களவு நகல்தான் ஓடியது. தேர்வு நாளன்று அது திறக்க மறுத்த காலையை நான் மறக்க மாட்டேன். 24 பிள்ளைகள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளித் தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கையால் வரைந்து காட்டச் சொல்லி மதிப்பெண் போட்டோம். அதே பிள்ளை வீட்டில் பயிற்சி செய்ய வேண்டுமென்றால் அதுவும் களவாகத்தான் இருந்தது. திறந்த மூலத்தில் இந்த வெட்கம் இல்லை. என் மாடியில் கற்றுக்கொண்டதை அந்தப் பையன் அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் பழைய மடிக்கணினியில் செய்து பார்த்தான்.

பழைய ஸ்கிரிப்ட், உடைந்த ஸ்கிரிப்ட், பிரித்து எழுதிய ஸ்கிரிப்ட் மூன்றும் பையனின் அனுமதியோடு என்னிடம் இருக்கின்றன. அந்த எல்இடி போர்டும் இருக்கிறது. 37-ஆவது எல்இடி எரியாது, அது என் சோல்டரிங். பாடத்திட்டக் குழுவுக்கு நேரில் காட்டச் சொன்னால் காட்டுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் காலை ரயில் கிண்டியில் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வழி எனக்குத் தெரியும், மாற்றல் மனுவோடு பலமுறை வந்திருக்கிறேன். ப்ரொஜெக்டர் வேண்டாம், மடிக்கணினியை நானே கொண்டுவருகிறேன். ஒரு பிளக் பாயின்ட் மட்டும் வேலை செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர் ஒருவர்,
ஏனாத்தூர், காஞ்சிபுரம் மாவட்டம்.